ஏழுமலை குட்டை மீன்

மாசி, புதன்கிழமை.

இன்று சகலை ஏழுமலையின் குட்டையில் வலை போட்டார்கள். உப்பளத்து வரப்பில் நின்று பார்த்தேன். அவனும் நானும் ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்த ஜிலேபி மீன் குஞ்சுகளைத்தான் அவரவர் குட்டையில் விட்டோம். அவன் மீன் ஒவ்வொன்றும் முழங்கை நீளம், பளபளவென்று துள்ளுகிறது. என் மீன் இன்னும் உள்ளங்கையைத் தாண்டவில்லை. பாதிக்கு உடம்பில் புண் வேறு.

"தீனியில இன்னாப்பா கலக்கற?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"முருங்கை எலைதாண்ணா. நெழல்ல காயவச்சு, பொடி பண்ணி, தவுட்டுல கலந்து போடறேன்."

மறைக்கவே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மறைத்திருந்தால் மனதுக்குள் திட்டவாவது திட்டியிருப்பேன்.

ஆனால் அவன் வீட்டில் முருங்கை மரமே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் என் மரத்தைப் பார்த்தேன். எட்டுகிற கிளையெல்லாம் மொட்டையாக நின்றது.

"தங்கச்சி கேட்டா, ஒடிச்சுக் குடுத்தேன்" என்றாள் என் மனைவி அமுதா. "முருங்கை எலை போடலாம்னு மொதல்ல உங்ககிட்டதான சொன்னேன்? மீனுக்குக் கீரை ஆக்கிப் போடறியான்னு சிரிச்சீங்க."

அந்த மரத்தையே வெட்டிப் போடலாமா என்று சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன்.

சாப்பாட்டுக்கு அவன் கொடுத்தனுப்பிய மீனில் குழம்பு. தொடக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று துண்டு தின்றுவிட்டேன். இன்னொன்று வைக்கட்டுமா என்று அமுதா கேட்டதும் தட்டை நீட்டினேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.