ஜைத்தூன் அக்கா, நானும் நாகூர் போய் வந்தேன்

என் பிரியத்துக்குரிய ஜைத்தூன் அக்கா,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் மேல் இருக்கும் பொறாமை எனக்குத் தீரவில்லை. செத்துப்போனவர்கள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று என் மகள் கவிதா கேட்கிறாள். அவள் வியாழக்கிழமைகளில் உன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் நடக்கும் மூச்சுப் பயிற்சி வகுப்பில்தானே நாம் பழகினோம். இரண்டு பேருக்கும் ஒரே நோய். நுரையீரல் கெட்டது கெட்டதுதான், இனிமேல் சரியாகாது, இருப்பதை வைத்துக்கொண்டு பத்திரமாக ஓட்ட வேண்டும் என்று டாக்டர் நம் இருவரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்வார்கள். நான் ஊதினால் இருமல் வரும். நீ ஊதினால் சிரிப்பு வரும். அப்போதே எனக்கு உன்னைப் பார்த்து எரிச்சல்.

நோய் ஒன்றாக இருந்து என்ன? என் ஆக்சிஜன் மிஷின் பிள்ளையார்பாளையத்து வீட்டில் கட்டிலோரம் நிற்கிற பெரியது. அதன் குழாய் சமையற்கட்டு வரைக்கும் வரும், வாசல் வரைக்கும் வராது. தெருவில் சாமி புறப்பாடு வந்தால் உள்ளே நின்றபடியே மேளச் சத்தத்தைக் கும்பிட்டுக்கொள்வேன். வகுப்புக்கு ஆட்டோவில் வந்துபோக மட்டும் சின்ன இரும்பு சிலிண்டர் ஒன்று. அதைத் தூக்க ஒரு ஆள். உனக்கோ துபாயிலிருந்து மகன் அனுப்பிய மிஷின், பேட்டரியில் ஓடுவது, தோளில் மாட்டுகிற பை. பள்ளிக்கூடம் போகிற டீச்சர் மாதிரி அதை மாட்டிக்கொண்டு நீ தனியாக நடந்து வருவாய்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு வியாழக்கிழமை நீ நாகூர் போய் வந்த கதையைச் சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பஸ்ஸுலதான் போனேன் தேவகி. கண்டக்டர் என்னப் பாத்ததும் வாங்கம்மான்னு முன்சீட்ட காலி பண்ணிக் குடுத்தான். ஒரு காலேஜ் பொண்ணு வழியெல்லாம் இந்தப் பைய மடியில வச்சிக்கினு வந்துச்சி. நாகூர் கடக்கரைல மூச்சு தானா வருதுமா. மூக்குல குழா இருக்குறதே மறந்துபூடும்."

அன்று வீட்டுக்கு வந்து நான் சரியாகப் பேசவில்லை. தறியில் இருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா ஒரு மாதிரியா கீற?" என்றார்.

"ஜைத்தூன் அக்கா நாகூர் போயிட்டு வந்துட்டாங்க."

"நல்லதுதானே. அதுக்கு நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கற?"

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அந்தப் பயணத்தில் புதிதாக ஏதாவது ஒன்று சேரும். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தது, யாரோ ஒரு குழந்தை மிஷின் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டது. நான் தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பேன். போன ரம்ஜானுக்கு முன்னால் நீ கண்ணை மூடினாய். உன் வீட்டு வாசலில் கூடி நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கூட, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

சென்ற மாதம் கவிதாவிடம், என்னை நாகூருக்குக் கூட்டிப் போ என்றேன்.

"கார் வச்சிக்கினு போலாம்மா."

"அக்கா பஸ்ஸுல போனாங்க. நானும் பஸ்ஸுலதான் போவேன்."

டாக்டர் என்னைக் கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, விரலில் கருவி மாட்டிப் பார்த்து, மிஷினை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று சொன்னார். பயண நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்றார். மிஷினோடு பயணம் போகலாம் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். உன்னுடையது மாதிரியே ஒரு மிஷினைக் கவிதா சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தாள். தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். உனக்கு இருந்த எடுப்பு எனக்கு இல்லை.

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டர் மறித்தார். "இன்னாமா இது, சிலிண்டரா? வெடிச்சா யார் பதில் சொல்றது?"

"சிலிண்டர் இல்லப்பா. வெளிய இருக்குற காத்துலேந்து ஆக்சிஜன எடுத்துக் குடுக்குது. செல்போன் மாதிரி பேட்டரிதான்" என்றேன்.

"வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

கவிதா டாக்டர் சீட்டைக் காட்டினாள். அவர் படிக்கவில்லை. நான் படியிலிருந்து இறங்கவும் இல்லை. பேச மூச்சு போதாமல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பின்னாலிருந்து யாரோ, "ஏறட்டும்பா, நேரம் ஆவுது" என்று சத்தம் போட்டதால் விட்டார். கடைசி சீட்டுதான் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள். முந்தானையால் குழாயை மறைத்துக்கொண்டேன். உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது அக்கா. நல்ல கண்டக்டர் எல்லாம் உனக்கு மட்டும்தான் வாய்ப்பாரா? உன் காலேஜ் பெண் எனக்கு ஏன் வரவில்லை?

பாண்டிச்சேரியில் பஸ் மாறி, கடலூர் தாண்டியதும் மிஷின் கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது. மாற்று பேட்டரி இருந்த பையைப் பஸ்ஸின் முன்பக்கம் மேலே போட்டிருந்தோம். இடையில் நிற்க இடமில்லாத கூட்டம். கவிதா அதைப் பிளந்துகொண்டு போனாள். நான் உதட்டைக் குவித்து ஊதினேன், வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரி. இந்த முறை இருமல் வரவில்லை. அவள் திரும்பி வந்து பேட்டரியை மாற்றிவிட்டு, அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

சிதம்பரத்தில் இறங்கி ஒரு டீக்கடையில் தீர்ந்த பேட்டரிக்கு மின்சாரம் கேட்டோம். கடைக்காரர் ஜூஸ் மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். பீடி பற்றவைத்தவரைக் கவிதா கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளிப் போகச் சொன்னாள். டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

நாகூர் கடற்கரையில் மூச்சு தானாக வரவில்லை அக்கா. பிள்ளையார்பாளையத்தில் வந்த அதே மூச்சுதான் வந்தது. ஆனாலும் தண்ணீர் வரைக்கும் போனேன். அலை வந்து காலை நனைத்தபோது, கவிதா மிஷின் பையைக் குழந்தையைத் தூக்குவது போல உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னோடு நின்றாள். போகலாமா என்று அவள் கேட்கக் கேட்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன்.

திரும்பி வந்து, நாகூர் தர்காவில் கொடுத்த சர்க்கரையோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் ரிஸ்வானாவிடம் என் குறையை எல்லாம் கொட்டினேன். உங்கம்மாவுக்குக் கிடைத்த கண்டக்டர் எனக்குக் கிடைக்கவில்லையே என்றேன். அவள் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எந்த கண்டக்டர் ஆன்ட்டி? அம்மாவ திண்டிவனத்துலயே பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க. ரோட்டோரமா உக்காந்து அவ்ளோ அழுதாங்க. அண்ணன் துபாய்லேந்து போன் பண்ணி கார் ஏற்பாடு பண்ணாரு. கார்லதான் போயிட்டு வந்தோம்."

பின்னே உங்கம்மா ஏன் என்னிடம் அப்படிச் சொன்னார் என்று அவளையே கேட்டேன்.

அந்தக் கண்டக்டர், அந்தக் காலேஜ் பெண், மிஷினுக்குக் காது கொடுத்த குழந்தை, எல்லாவற்றையும் எனக்காகவா உண்டாக்கினாய்? நான் வெந்து வெந்து ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றா? இல்லை, ரோட்டோரம் அழுததை நீயே மறக்க அப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாயா? ரிஸ்வானாவுக்கும் தெரியவில்லை. இனி யாரிடம் கேட்பேன்?

இப்போது வேறு பொறாமை பிடித்துக்கொண்டது. முட்டி வலித்தாலே முகத்தில் காட்டிவிடுகிறவள் நான். அத்தனை அழுகையை அழுதுவிட்டு, அடுத்த வியாழக்கிழமை பையை மாட்டிக்கொண்டு வந்து சிரிக்க உனக்கு எப்படி முடிந்தது? அது எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

ஆனால் ஒன்று அக்கா. நீ காரில் போனாய். பஸ்ஸில் போனது நான்தான். இதை எனக்குள்ளே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் எனக்குச் சிரிப்பாக வந்தது.

அடுத்தது கன்னியாகுமரி. நீ போகாத ஊர். கவிதா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்வாள். வழியில் யார் என்ன சொன்னாலும் அதை உன்னிடம் சொல்ல மாட்டேன். நல்லதை மட்டும் சொல்வேன், கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். இது சத்தியம். இனிமேல் நீ கொஞ்ச நாள் பொறாமைப்படு.

நாகூருக்குப் பஸ்ஸிலேயே போய் வந்த
உன் தங்கச்சி,
தேவகி