கூறு போட்டவன் கடைசியில் எடுக்கணும்

அன்பு மகள் தீபாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அவள் முழங்கால் வலியும் சௌக்கியமாக அங்கேயே இருக்கிறது. தாத்தாவின் சிட்லபாக்கம் மனையைப் போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாகப் பிரித்தாகிவிட்டது. உன் சித்தப்பா குமரேசனுக்குத்தான் முகம் சரியில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் குரல் ஏறும், அம்மா போனைப் பிடுங்குவாள், அதனால் வடாம் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

ஆறு மாதமாக அவன் வாயில் ஒரே சொல், ஷேர். பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "இன்னாண்ணா, என் ஷேர் இன்னா ஆச்சு" என்பான். சம்பாதித்ததை ஷேரில் போட்டுக் கரைத்தவன். விடிந்தால் தங்கை பாசம் என்று ரோஜாப்பூ படத்தை ஊருக்கெல்லாம் ஷேர் செய்வான். அந்தத் தங்கை, உன் செல்லி அத்தை, புருஷன் போன பிறகு பம்மலில் ஒற்றை அறை வாடகைக்கு இருந்துகொண்டு, தினம் ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க நம் கடைக்கு வேலைக்கு வருகிறாள். அவளுக்கு எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன் கிடையாது. கொடுப்பதற்கும் அதே சொல், வாங்குவதற்கும் அதே சொல் என்று இங்கிலீஷ்காரன் வைத்துவிட்டுப் போனான், இவன் வாங்குகிற பாதியை மட்டும் படித்திருக்கிறான்.

வந்தவன் கையில், எனக்குப் பங்கு வேண்டாம் என்று செல்லி எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம், டைப் அடித்துத் தயார். "செல்லிக்குக் கல்யாணத்துலயே நகை போட்டாச்சு, அவ கையெழுத்து போட்டுடுவா, நாம ரெண்டு பேரும் ஷேர் பண்ணிக்கலாம்" என்றான். அவள் கையெழுத்துக்குக் கூலியாக ஒரு பட்டுப்புடவை, தள்ளுபடிச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அவளுக்கும் சம பங்கு, இல்லையென்றால் என் கையெழுத்தும் இல்லை என்றேன். குதித்தான், அடங்கினான். பிறகு எங்கள் தாய்மாமன் அச்சுதன் மாமா முன்னால் அவனே நிபந்தனை வைத்தான், நம் ஊர் வழக்கப்படி மூத்தவன் கூறு போடணும், இளையவர் முதலில் எடுக்கணும் என்று. ரோட்டுப் பக்கத்து இடத்தின்மேல் அவனுக்கு ஒரு கண். சரி என்று தலையாட்டினேன். பம்மல் பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்துத் தக்காளியைக் கூறு கட்டி விற்றுத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கடைசிக் கூறு தனக்கு என்று தெரிந்தவன் எதிலும் அழுகலை ஒளிக்க மாட்டான். விலை சமமாக வரும்படி ரோட்டுப் பக்கம் சின்னதாக, கிணற்றுப் பக்கம் பெரியதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

கோட்டின் ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய் ரோட்டுப் பக்கம் நின்று செல்பி எடுத்தான். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "டேய், செல்லி பொறந்தப்போ உனக்கு ஏழு வயசு, தொட்டில ஆட்னவனே நீதானடா, யார்டா இளையது?" என்றார். ஆம்பளைகளில் நான்தானே என்று முனகினான். பத்திரத்திலிருந்து தங்கையை எடுத்தவன், அவள் பிறந்ததையே மறந்துவிட்டான் பார். உன் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு, என் எடத்துல நிக்கிறே" என்றாள். நாற்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அங்கே காய்கறிக் கடை போடப் போகிறாளாம், எனக்கே போட்டி, போடட்டும்.

நீங்கள் அங்கே வீடு வாங்கினால் பத்திரத்தில் உன் பெயரும் ஏறட்டும். மாப்பிள்ளை நல்லவர்தான், அதற்காகச் சும்மா இருக்காதே. பேத்தியும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வடாமை வெயிலில் ஒருமுறை காட்டிவிட்டு டப்பாவில் போடு.

இப்படிக்கு
அப்பா சிட்டிபாபு

முடிவானதையும் தெரிந்துகொள். ஆறடிப் பொதுப்பாதை போக, ரோட்டுப் பக்கம் எழுநூறு சதுர அடி செல்லிக்கு, நடுவில் எண்ணூறு குமரேசனுக்கு, கிணற்றோடு தொள்ளாயிரம் எனக்கு. கிணற்றுத் தண்ணீர் மூவருக்கும். வியாழக்கிழமை பதிவு, செலவு மூன்றில் ஒன்று அவரவர். புடவை, கொண்டுவந்தவன் கையோடு திரும்பிப் போகும்.