அப்பா மாடியேறி வந்தபோது

புதன்கிழமை, இரவு

நர்சிங்கா, ரெஸ்பிரேட்டரி தெரபியா என்று நாளைக்குக் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. நேற்றுவரை நர்சிங் என்றுதான் இருந்தேன். அம்மாவுக்கும் அதுதான் ஆசை. நர்ஸ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்; மூச்சுக்கு மட்டும் சிகிச்சை தரும் தெரபி என்றால் விளக்க வேண்டும்.

இன்று கல்லூரி ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வைக் காட்டினார்கள். ஓர் ஆட்டோக்காரருக்கு வென்டிலேட்டர் குழாயை எடுக்கும் நேரம். "தாதா, கோகா, கோகா," என்று மராத்தியில் அண்ணா போட்டு, தெரபிஸ்ட் அவரை இருமச் சொன்னார். குழாய் வந்துவிட்டது. தாதா தானாக நாலு மூச்சு இழுத்துவிட்டு, கரகரவென்று கேட்ட முதல் வார்த்தை "சஹா". டீ வேண்டுமாம்! இப்போது கிடையாது என்றதும் தெரபிஸ்டை முறைத்தார். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் எங்கள் விஷ்ராந்த்வாடி கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அப்பா டியூட்டி முடிந்து, காய்கறிப் பையோடு நாலு மாடி ஏறி வந்தார். கதவைத் திறந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் தோள் எவ்வளவு ஏறி இறங்குகிறது, கழுத்து இழுக்கிறதா, மூச்சு எப்போது சீராகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, சீக்கிரமே சீராகிவிட்டது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மனுஷன் மூச்சு வாங்க நிக்கிறாரு. பையை வாங்கி, ஒரு வாய் தண்ணி குடுப்போம்னு இல்ல. வாசல்லயே நிறுத்தி வேடிக்கை பாக்குறா! நீயெல்லாம் எங்கேருந்து நர்ஸாகப் போற?"

அப்பா சிரித்தார். சிரித்ததில் மறுபடி மூச்சு வாங்கியது. அதையும் பார்த்தேன்.

அம்மாவே முடிவு சொல்லிவிட்டாள். அவளுக்குத்தான் இன்னும் தெரியாது.