வயலினை எடுத்துவிட்டுக் கேட்ட குரல்

இன்று காலை முட்டையை அவிய வைத்துவிட்டு உங்கள் ஸ்டொப்வாட்ச்சைத் தேடினேன். மேசை லாச்சிக்குள் கிடந்தது. தலையில் இருக்கிற பித்தானை அமத்தியதும் டிக் டிக் என்று ஓடத் தொடங்கியது. பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்த மகள், "அம்மா, போனிலை டைமர் இருக்குத்தானே" என்று டெனிஷில் சொன்னாள். இருக்குதுதான். ஆனால் இதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் உங்கள் வீடு மணக்கிறது: கோப்பி, பழைய பியானோ மரம், கால் கிறீம். கால் கிறீம் என் கையில் இருந்து ஒட்டியதாகவும் இருக்கும்.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. டெனிஷில் உங்களை "டு" என்று ஒருமையில்தான் கூப்பிட்டேன். இந்த நாட்டில் ஆரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் எழுதத் தொடங்கியதும் கை மறுக்கிறது. எண்பது தாண்டின மனிசனை நீ என்று எழுதினால் அம்மா மேலே இருந்து குட்டுவா. ஆகவே ஐயா, நீங்கள் என்றே எழுதுகிறேன். நீங்கள் சொன்னவையும் என் யாழ்ப்பாணத் தமிழில்தான் மனசில் கிடக்கின்றன. உங்களுடையது பிரெஞ்சு டெனிஷ், என்னுடையது யாழ்ப்பாண டெனிஷ். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தால் பக்கத்து வீட்டு டெனிஷ்காரிக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எங்களுக்கு எல்லாம் விளங்கியது.

கொம்யூன், அதுதான் இங்கத்தை நகரசபை, அனுப்பிய வீட்டு உதவியாளாக ஒடென்சே நகரில் உங்கள் கதவைத் தட்டியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. காலையில் வந்து, வீங்கிய கால்களுக்கு இறுக்கமான சொக்ஸை இழுத்துப் போடவேண்டும், காதுக்கு மெசின் பூட்டவேண்டும், மருந்து குடித்தீர்களோ என்று பார்க்கவேண்டும். "ஒரு காலத்திலை பாரிசிலை பெரிய நடிகையள் எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டவை. இப்ப நான் உனக்காகக் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறன்" என்பீர்கள். "அவை சொக்ஸ் போட்டுவிட்டவையோ?" என்று கேட்பேன். "அவைக்கு இந்தக் கெட்டித்தனம் இல்லை" என்பீர்கள்.

சொக்ஸ் ஏற ஏற உங்கள் சீவியமும் வெளியில் வரும். தெற்குப் பிரான்சில் ஒரு சின்ன ஊர். ஊமைப் படங்களுக்குத் தியேட்டரில் பியானோ வாசித்த தகப்பன். படங்கள் பேசத் தொடங்கியதும் வேலை போய், மிச்சக் காலம் சப்பாத்துக் கடையில் நின்றவர். நீங்கள் பாரிசுக்குப் போய் இசை படித்து, காதல் படம், துப்பறியும் படம், பகிடிப் படம் என்று வந்ததுக்கெல்லாம் இசை போட்டீர்கள். உங்கள் மெட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் உலகம் சுற்றியது. அதுவும் கடைசியில் ஏதோ ஒரு கொம்பனியின் தொலைபேசியில், ஆள் வரும்வரைக்கும் ஓடுகிற இசையாகப் போய்ச் சேர்ந்தது. "என்னைக் கேக்கிற சனம் எல்லாம் கோவத்தோடைதான் கேக்குது" என்று சிரிப்பீர்கள். பிறகு சின்தசைசரோடு புதுப் பெடியள் வந்தார்கள், டைரக்டர்மார் உங்களைக் கூப்பிடுவதை விட்டார்கள். படங்களை வெட்டி ஒட்டும் வேலை பார்த்த உங்கள் டெனிஷ் மனைவியோடு, அவ பிறந்த ஒடென்சேக்கு வந்துவிட்டீர்கள். "என்ரை இசையிலை பாதியைக் கத்தரிச்சு எறிஞ்சது இவதான். எறிஞ்சது சரி" என்று சுவரில் இருக்கிற அவவின் படத்தைப் பார்த்துச் சொல்வீர்கள்.

ஒரு நாள் நான் வக்யூம் பிடித்துக்கொண்டு நிற்க, ரீவியில் ஏதோ பழைய படம் போனது. மெசினை நிப்பாட்டச் சொன்னீர்கள். "இவள் கதைக்கேக்கை எங்கை மூச்சு எடுக்கிறாள் எண்டு கவனி. இசை அந்த இடத்திலைதான் உள்ளுக்கு வரவேணும், இல்லாட்டி அவளின்ரை சொல்லை மிதிச்சுப்போடும். மூச்சு எடுக்கிற இடம் ஆளுக்கு ஆள் வேறை. முகத்தை மேக்கப்பாலை மாத்தலாம், இதை மாத்தேலாது." படத்துக்கு இசை போடேக்கை நேரம் அளந்த ஸ்டொப்வாட்ச்சை அமத்தி அமத்திக் காட்டினீர்கள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதே என்பதுதான் அப்போது என் யோசனை.

பிறகு அந்த வருசம் வந்தது. வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. என் தங்கச்சி சுமதியும் அவளின் பிள்ளையும் அதற்குள் அகப்பட்டிருந்தார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவளிடமிருந்து தொலைபேசி இல்லை. எங்கடை சனம் எல்லாம் அழுதது. எனக்கு ஒன்றும் வரவில்லை. சோறு காய்ச்சினேன், சைக்கிள் ஓடினேன், ஆட்களின் கால்களுக்குச் சொக்ஸ் இழுத்தேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் கிடக்குமே, அப்படி முழு உடம்பும் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் மண்டபத்தில் கூடி ஒரு வீடியோ போட்டார்கள். அங்கிருந்து வந்த காட்சிகளை என் கணவரின் சிநேகிதர் ஒருவர் சேர்த்து ஒட்டி, சோக வயலின் போட்டிருந்தார். ஒரு பள்ளிக்கூட வளவு, தறப்பாள் கொட்டில்கள், சனம். கமராவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்: "பிள்ளையை ஒருக்காப் பிடியுங்கோ, தண்ணி எடுத்தோண்டு வாறன்." முகம் இல்லை. சுமதி என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். "ஓம் பிள்ளை, அவதான்." "ஓமோம், அச்சொட்டா அவவின்ரை குரல்." சுமதியை ஒரு நாளும் கண்டிராத ஒரு மனிசிகூட என் கையைப் பிடித்து ஓம் என்றா. எங்கடை சனத்துக்கு ஆறுதல் சொல்லுவதென்றால் ஓம் சொல்லுவது.

எனக்கு அது அவள்தானோ என்று தெரியவேண்டும். உங்களை விட்டால் ஆரிடம் கேட்பது? அடுத்த நாள் லப்டொப்பையும் சுமதியின் கசெட் ஒன்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கடிதம் எழுதாமல் கசெட்டில் கதைத்துப் பதிந்து, வெளிநாடு போகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். சுமதி எல்லாக் கசெட்டையும் ஒரே மாதிரித்தான் தொடங்குவாள்: "அக்கா, கேக்குதோ? நான்தான் கதைக்கிறன்." பின்னால் சேவல் கூவும், ஆரோ தேங்காய் திருவுவார்கள்.

வீடியோ தொடங்கியதும் கதிரையில் நிமிர்ந்தீர்கள். "ஆர் இந்த வயலினைப் போட்டது?"

"எங்கடை ஆள் ஒருத்தர்."

"எடுக்கச் சொல்லு. குரலுக்கு மேலை ஏறிக் குந்தியிருக்குது."

வாழ்நாள் முழுக்க வயலினால் சீவித்த மனிசன் சொல்லுகிற சொல்லைப் பாருங்கோ! இசை இல்லாத காட்சியைக் கேட்டு வாங்கப் போனேன். "வயலின் இல்லாட்டிச் சனம் அழாது அக்கா" என்றார் அந்தச் சிநேகிதர். "வயலின் இருந்தும் நான் அழேல்லைத் தம்பி. தாரும்" என்றேன்.

அதைக் கொண்டுவந்த காலையில் காது மெசினுக்குப் புதுப் பற்றரி போடச் சொன்னீர்கள். ஒரு காலுக்குத்தான் சொக்ஸ் போட்டிருந்தேன், அதற்குள் என்னைக் குசினிக்குக் கலைத்தீர்கள். "உன்ரை முகத்தைப் பாத்தால் என்ரை காது பொய் சொல்லும்."

குசினியில் நின்று கேட்டேன். வயலின் போனதும் அந்த இடம் வெறும் இடமாகிவிட்டது. தறப்பாள் படபடத்தது. ஆரோ இருமினார்கள். பானை மூடி ஒன்று விழுந்தது. "தண்ணி எடுத்தோண்டு வாறன்." பிறகு கசெட். "அக்கா, கேக்குதோ?" பிறகு திரும்பவும் தண்ணி. கோப்பி சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. நான் சட்டியைப் பிடிக்கிற துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது ஸ்டொப்வாட்ச் உங்கள் மடியில். "நை" என்றீர்கள். இல்லை.

"கசெட்டிலை கதைக்கிறவ கடைசிச் சொல்லுக்கு முன்னம் ஒரு சின்ன மூச்சு எடுக்கிறா. ஒவ்வொரு தரமும் எடுக்கிறா. மற்றவ எடுக்கேல்லை. இது உன்ரை தங்கச்சி இல்லை."

"நிச்சயமோ?"

"ஓம்."

எனக்கு உங்கள் இடது கால் வெறுங்காலாகக் கிடப்பதுதான் கண்ணில் பட்டது. குனிந்து அதற்கும் சொக்ஸ் போட்டுவிட்டேன். வெளியில் வந்து சைக்கிளைப் பிடித்தபோது கோபம் ஏறியது. அவதான் என்று ஒரு சொல்லுச் சொன்னால் மனிசனின் வாயிலிருந்து முத்தோ உதிர்ந்துவிடும்? அதற்குப் பிறகு வேலைக்கு வந்தேன், வேலை எல்லோ. "கால்", "மருந்து", "போட்டு வாறன்". வேறு கதை இல்லை.

சண்டை முடிந்தது என்று செய்தி வந்த காலையும் எனக்கு வேலை. வீதி மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன, அவைக்கென்ன. ஒவ்வொரு காலையும் நீங்கள் தட்டுகிற பியானோ அன்று மூடிக் கிடந்தது. நான் முழங்காலில் இருக்க, என் தலைக்கு மேலாகக் கதைத்தீர்கள்.

"எனக்கு இருபது வயசிலை ஒரு சண்டை முடிஞ்சது. கைதியள் ரயிலிலை திரும்பி வாற செய்திப்படத்துக்கு நான் இசை போட்டன். அதுதான் என்ரை முதல் வேலை, நிறைய ட்ரம்பெற். அம்மா தியேட்டருக்குப் போய் அதிலை தன்ரை தம்பியைத் தேடினவ. ஒரு முதுகு தெரிஞ்சுது. சுத்தி நிண்ட எல்லாரும் ஓம், அவன்தான் எண்டினம். நானும் ஓம் எண்டனான். அந்த ஓமாலை அம்மா சாகுமட்டும் தம்பி வருவான் எண்டு ரயில் ஸ்ரேசனுக்குப் போய்ப் போய் நிண்டவ." மற்றக் காலை என் பக்கம் நீட்டினீர்கள். "நீ ஸ்ரேசனிலை நிக்கக்கூடாது."

நான் தலையை நிமிர்த்தவில்லை. கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்றும் வந்து இருக்கவும் இல்லை.

பிறகுதான் அது நடந்தது. சண்டைக்குப் பிறகு சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமுக்குள் இருந்த ஒருவர் தொலைபேசியில் சொல்லி, செய்தி ஒடென்சேக்கு வந்தது. அந்த வீடியோவில் இருந்த பள்ளிக்கூட வளவில் செல்குண்டு விழுந்து, அங்கிருந்த சனத்தில் ஒருவரும் மிஞ்சவில்லையாம். பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்துகள் நிறைந்துவிட்டன. தேத்தண்ணிப் போத்தலும் சோற்றுப் பெட்டியுமாகச் செத்தவீட்டுக்கு வருகிற மாதிரியே வந்திருந்தார்கள். "அவ அங்கைதானே இருந்தவ, குரல் கேட்டனாங்கள் எல்லோ. படத்தை வைச்சு விளக்கைக் கொளுத்து பிள்ளை." ஓம் சொன்ன அதே வாய்கள்.

"அது அவ இல்லை" என்றேன். "ஐயா கேட்டுச் சொன்னவர்."

"எந்த ஐயா?"

"நான் சொக்ஸ் போட்டுவிடுற ஐயா."

எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். விளக்குக் கொளுத்தவில்லை.

அடுத்த பனிக்காலத்தில் நீங்கள் போனீர்கள். சின்னத் தேவாலயம், கொஞ்சச் சனம், ஓர்கன் மட்டும். பாரிசில் இருந்து வந்த உங்கள் மகள் இந்த ஸ்டொப்வாட்ச்சை என் உள்ளங்கையில் வைத்து, "இது உனக்காம், அப்பா சொன்னவர்" என்றா. அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. பெட்டி போகும்போது உங்கள் கால்களுக்கு ஆர் சொக்ஸ் போட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

சுமதியைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை ஐயா. முகாம்களில் தேடினோம், வெளியில் வந்தவர்களைக் கேட்டோம். கண்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை, செத்ததைக் கண்டோம் என்றும் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு வைகாசியும் கணவர் மெல்லக் கேட்பார், "இந்த முறை எண்டாலும் திவசம் செய்வமோ?" "வேண்டாம்" என்பேன். அவர் தேத்தண்ணி போடப் போய்விடுவார், நல்ல மனிசன்.

உங்கள் காதும் கிழடுதான், எனக்குத் தெரியாதோ. காலமை காலமை மெசின் பூட்டிவிட்டவள் நான்தானே. அன்றைக்கு நீங்கள் பிழையாகக் கேட்டிருக்கலாம். அந்தக் கசெட்டை நான் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. போடவும் மாட்டேன்.

முட்டை அவிந்துவிட்டது. மகள் தன்னுடையதை உடைத்துத் தின்றுவிட்டு ட்ராமுக்கு ஓடிவிட்டாள். ஸ்டொப்வாட்ச் இன்னும் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஸ்ரேசனில் நிற்கக்கூடாது என்றுதான் நை என்ற அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். நானோ அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருசமாக நிற்கிறேன். எல்லாரும் எனக்கு ஓம் சொன்னார்கள் ஐயா. நீங்கள் சொன்ன ஒரு இல்லையில்தான் என் தங்கச்சி இன்னும் உயிரோடு இருக்கிறாள்.