திரும்பி வந்த சீர்

அன்புள்ள நுர்ஸாதா அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மாஸ்கோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா ஒவ்வொரு வேளையும் ரொட்டியைப் பிட்டபின் கையேந்தி வேண்டிக்கொள்கிறாள். இது அம்மாவின் கடிதம். அவள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, உன் தங்கை ஜாஸ்குல் நான் எழுதுகிறேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதாதே என்று அம்மா தடுப்பதையும் எழுதுவேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன்னோடு ஒரே அறையில் இருக்கும் ஐசிரேக் உன் கணவர் தலாந்தின் தங்கை, நீ தூங்கும்போது அவள் உன் போனை எடுத்துப் பார்க்கிறாள் என்று நீதானே சொன்னாய். நாளை விடியலில் ஜமீர் அண்ணன் மாஸ்கோவுக்கு வண்டி எடுக்கிறார். இந்தக் கடிதத்தை உன் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

போன சனிக்கிழமை காலையில் உன் மாமியார் சாபிரா போன் செய்து, "வீட்டுக்குள்ள பூச்சு வேலை நடக்குது சம்பந்தி, நுர்ஸாதாவோட மெத்தையெல்லாம் சுண்ணாம்பு பட்டு வீணாயிடும், கொஞ்ச நாள் உங்க வீட்டுல வச்சிருங்க" என்றார். இந்தப் பனியில் யார் சுவர் பூசுவார்கள் என்று எனக்குத் தோன்றியது, அம்மாவுக்குத் தோன்றவில்லை. மதியம் லாரி வந்தது. உன் கல்யாணத்துக்கு அம்மா தைத்த மெத்தைகள், இரும்புப் பட்டை அடித்த பெட்டி, கம்பளி விரிப்புகள், தையல் மெஷின்கூட வந்துவிட்டது. சாபிராவோடு அவர்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அப்பா மலையில் குளிர்கால மேய்ச்சலில் இருக்கிறார், வீட்டில் நாங்கள் இருவர்தான். வாசலுக்கு வந்தவர்களை டீ கொடுக்காமல் அனுப்ப அம்மாவால் ஆகுமா? விரிப்பைப் போட்டு ரொட்டி, பாலேடு, ஆட்டுக்கறி சூப் எல்லாம் வைத்தாள். ஒரு பெரியவர் பாலேட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இதுக்காகவே உங்க வீட்டுல இன்னொரு பொண்ணு எடுக்கலாம் போலிருக்கே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டு முடித்து, கைகளை முகத்தில் தடவிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லாம முடிஞ்சுது, நல்லது" என்று அவர் ஆசி சொன்னபோதுதான் அம்மா ஊற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினாள். பெண்ணுக்குக் கொடுத்த சீரைப் பெரியவர்கள் முன்னால் இறக்கி, அவர்களுக்கு ரொட்டியும் வைத்துவிட்டால் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டோம் என்றுதான் ஊர் சொல்லும். உனக்குத் தெரியாததில்லை. லாரியின் முன்சீட்டில் உன் மகள் அக்கிலாயும் வந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். சாப்பாடு முடியும்வரை அம்மாவின் மடியைவிட்டு இறங்கவில்லை. கிளம்பும்போது சாபிரா அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். "ரெண்டு நாள் இருக்கட்டுமே சம்பந்தி" என்று அம்மா கேட்டதற்கு, "சீர் உங்களோடது, எடுத்துக்கிட்டீங்க. பேத்தி சீர்ல வரலையே" என்றார். கத்திச் சொல்லவில்லை, கதவைச் சாத்திக்கொண்டே மெதுவாகச் சொன்னார். டீ கொடுத்ததை எழுதாதே என்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன்.

தலாந்த் விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை நான் பள்ளிக்குப் போகாமல் மினிபஸ் ஏறி, மாவட்டத் தலைநகரில் இலவச சட்ட உதவி செய்யும் வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் என் சீருடையைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, விவாகரத்து உனக்கா?" என்று கேட்டார். முழுவதும் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவர் சொன்னது இது: "டீ குடிச்சதால கல்யாணம் முறியாது, குழந்தை இருக்கிறதால கோர்ட்டுதான் முறிக்கணும். ஆனா அந்தப் பெரியவங்க வந்து, இவ வீட்டை விட்டுப் போயிட்டா, சாமானைக்கூட எடுத்துக்கிட்டா, குழந்தையை மட்டும் விட்டுட்டான்னு சாட்சி சொல்வாங்க. உங்க அக்கா பக்கத்துல பேச ஆளில்லேன்னா ஜட்ஜுக்குக் கேட்கிறது ஒரே குரல்தான்." நீதிமன்ற அழைப்பு நீ பதிந்திருக்கும் முகவரிக்கு, அதாவது சாபிராவின் வீட்டுக்கே போகுமாம், உன் கண்ணில் படவே படாது. ஆகவே நீ உடனே நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய், இந்த வக்கீலம்மா உனக்காகப் பேச அதிகாரம் கொடுத்து எழுதி அனுப்ப வேண்டும். அவர் பெயர், விலாசம் எல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீ வீட்டை விட்டு ஓடவில்லை, கணவர் சம்மதத்தோடு வேலைக்குப் போனாய், குழந்தை உனக்கு வேண்டும் என்று உன் கைப்பட எழுது. அக்கிலாய்க்காக நீ அனுப்பிய பணத்தின் ரசீதுகளைப் பத்திரப்படுத்து. ஐசிரேக் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. கடைசியாக வக்கீலம்மா வாசல்வரை வந்து, "ஒண்ணு மட்டும், குழந்தையைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. அது உங்களுக்கே எதிரா திரும்பும்" என்றார்.

அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "தலாந்தோட வாழறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு, நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். அழணும்னா அழு, ஆனா ஐசிரேக் முன்னால அழாதே, அங்க சிந்தற கண்ணீர் அன்னிக்கே இங்க வந்து சேருது. வெறும் டீயும் பிஸ்கெட்டுமா நாளை ஓட்டாதே. எதிர்த்து நிக்கணும்னா உடம்புல தெம்பு வேணும். நான் என்ன தப்பு பண்ணினேன்னு ராத்திரியெல்லாம் யோசிக்காதே. உன்மேல தப்பிருந்தா சாபிரா பொய் சொல்லி லாரி அனுப்பியிருக்க மாட்டா."

இனி எழுதப்போவது இன்று நடந்தது. இரண்டு ஊருக்கும் ஒரே பள்ளிக்கூடம் என்பதால் இடைவேளையில் அக்கிலாய் என்னிடம் ஓடி வந்தாள். "சித்தி, ஞாயித்துக்கிழமை நாங்க பிஷ்கெக் போறோம். அங்க அப்பாகூட புது அம்மா இருக்காங்களாம். அங்க போனப்புறம் பழைய அம்மா பேரைச் சொல்லக்கூடாதாம், சொன்னா திரும்பக் கூட்டிட்டு வர மாட்டாங்களாம்" என்றாள். பழைய அம்மா என்னும்போது குரலைத் தாழ்த்தினாள், அக்கா. விசாரணைக்கு முன்னால் அவளை இங்கிருந்து தலைநகருக்கு அப்புறப்படுத்தப் பார்க்கிறார்கள். பள்ளி விட்டதும் அவளைக் கூட்டிப்போக யாரும் வந்திருக்கவில்லை. அவள் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். வக்கீலம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தும் திரும்பிப் போ என்று நான் சொல்லவில்லை. அம்மா எங்களைப் பார்த்ததும் திட்டவில்லை. நேராகப் போனை எடுத்து, "குழந்தை இங்கதான் இருக்கு சம்பந்தி, நான் ஒளிச்சு வைக்கல. ஞாயித்துக்கிழமை சேதி நெஜமா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டாள். சாபிரா போனைத் துண்டித்துவிட்டார். அப்பாவை அழைத்துவர ஆள் போயிருக்கிறது. பனி மூடிய பாதையில் அவர் வந்துசேர நாளை மதியம் ஆகிவிடும்.

இப்போது இருட்டிவிட்டது. வேலிக்கு வெளியே ஒரு கார் வந்து நிற்கிறது, இஞ்சினை நிறுத்தவில்லை. பின்னால் இன்னொன்றும் வருகிறது. அம்மா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே மிச்சத்தைச் சொல்கிறாள். உனக்கு நீண்ட ஆயுசும் கெட்டியான மனசும் கிடைக்கட்டும், நீ நடக்கும் பாதை தடையில்லாமல் வெள்ளையாக இருக்கட்டும், உன் மகள் உன் கையாலேயே வளரட்டும். தூதரகத்துக்கு இந்த வாரமே போ, லீவு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் போ. முடிந்தால் நீயே வந்துவிடு. "என் பேரைப் போட்டு முடி, நான் போய் வாசல்ல பேசிக்கறேன்" என்கிறாள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உல்கான்
(அவள் சொல்ல எழுதியவள் ஜாஸ்குல்)

அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ஆண் குரல்கள் கேட்கின்றன, அம்மாவின் குரல் கேட்கவில்லை. அக்கிலாய் ஜன்னலோரமாகத் தூங்குகிறாள், தெருவிலிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியும். அடுப்பு வாயின் வெளிச்சத்தில் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். விளக்கை அணைத்துவிட்டேன்.