பழைய அட்டைகள்

ஜூன் 3

தங்கை வந்து ஐந்து மாதம். கணவன் வேறொருத்தியைக் கூட்டி வந்து பூட்டை மாற்றியதும், ஒரே பெட்டியோடு என் வாசலில் நின்றவள். கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் என் பொறுப்பிலேயே தற்காலிக உதவியாளராகச் சேர்த்துவிட்டேன்.

இன்று ஓடில்லா நத்தைப் புட்டிகளை அட்டைப் புட்டிகளோடு அடுக்கியிருந்தாள்.

"ரெண்டும் வழவழன்னு ஒரே மாதிரிதானே அக்கா இருக்கு?"

"வழவழன்னு இருந்தா சொந்தமாயிடுமா? அட்டை மண்புழுவுக்குப் பங்காளி. இது நத்தை, ஓட்டைத் தொலைச்ச நத்தை. லேபிளையெல்லாம் மாத்து."

அறுத்து வைத்த ஒன்றைக் காட்டினேன். முதுகுத் தோலுக்கடியில் நகத்துண்டு போல மிச்ச ஓடு.

"அட, என்னை மாதிரி!" கணவன் வீட்டுப் பழைய சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து ஆட்டினாள்.

நத்தையாம். பகலெல்லாம் என் முதுகுக்குப் பின்னால், மாலையில் என் நாற்காலியில். நானானால் வேறு தட்டில் வைப்பேன்.

ஜூன் 11

"அட்டை ஒட்டிக்கிட்டா என்னக்கா பண்றது?"

"உப்பு போட்டா விழுந்துடும். நம்ம வீட்டு உப்புதான் அஞ்சு மாசமா வேலை செய்யல."

சிரித்தாள். பிறகு சாப்பிட வரவில்லை.

ஜூன் 20

துறைத்தலைவர் வந்தார். "உங்க தங்கச்சி வேலை ரொம்ப சுத்தம் மேடம். அடுத்த மாசம் நிரந்தரம் பண்ணிடலாம்."

மாலையில் அவளே சொன்னாள்: "பக்கத்துத் தெருவுல ஒரு ரூம் பாத்துட்டேன்க்கா. உன்னைப் பிடிச்ச சனி விட்டுது!"

நல்லது என்றேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை — அதற்கும் கெடு ஐந்து மாதம்தான் போல.

இனி மணி அடித்தால் கதவு திறக்க ஆளில்லை. அதனால் என்ன? இருபது வருடம் நானேதானே திறந்தேன்?

ஜூன் 27

மதியம் நூலகத்துக்குக் கிளம்பும்போது சொன்னேன்: "மேல் தட்டுல இருக்கற பழைய அட்டையெல்லாம் எடுத்துக் கழிச்சிடு."

மேல் தட்டில் இருந்தவை இரண்டு: மட்கிய பெயர்ச்சீட்டுக் கட்டு, அதன் பக்கத்தில் எழுபது வருடமாகச் சேர்த்த அட்டைப் புட்டிகள்.

திரும்பி வந்தபோது நாற்பத்தொரு புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். பளபளவென்று. சீட்டுக்கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

"அக்காதான் சார் சொன்னாங்க..."

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னது எழுதற அட்டையை, சார்."

"அதானே! யாராவது அதைப் போய்க் கொட்டுவாங்களாம்மா?"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 28

வேலை போயிற்று. அறையும்.

ஜூலை 2

காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "நீ எப்பவும் லேபிள்னுதானேக்கா சொல்லுவ?"

"அப்படியா?"



சாப்பாட்டில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். நாக்கு எரிந்தது. எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.