ஒரு மனையில் இரண்டு அடுப்பு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற பேருந்துப் பணிமனை மெக்கானிக்,
மூலை வீடு, தண்ணீர்த்தொட்டிக்குப் பின் தெரு.
(ஸ்பானர்க்காரர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.)

பெறுநர்:
நகரமைப்பு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மிதமான அடர்த்திக் குடியிருப்பு மண்டலத்தில் உள்ள என் வீட்டின் இரண்டாவது சமையலறையை மீண்டும் அமைத்துக்கொள்ள அனுமதி கோருதல் – என் இளைய மகன் குடும்பம் வீட்டை விட்டுப் போகும் முன் முடிவு தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து என் வாசல் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி அறிவிப்புக்கு நான் கீழ்ப்படிந்துவிட்டேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். கொத்தனாரை வரவழைத்து, வீட்டின் பின்பகுதியில் இருந்த சமையல் மேடையை இடித்தாகிவிட்டது. அடுப்பும் சிலிண்டரும் வெளியே வந்துவிட்டன. உத்தரவை மீறிவிட்டு மனுவோடு வந்து நிற்கிறான் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. இடித்த பிறகு வீடு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

2. எனக்கு இரண்டு மகன்கள். இருவருக்கும் திருமணமாகி, என் மனைவி காலமான பின்னும் என்னோடுதான் இருக்கிறார்கள். பெரியவன் குடும்பம் முன்பகுதியில், சின்னவன் குடும்பம் பின்பகுதியில். நடுவில் நான். மகன்கள் இருவரும் வாயைத் திறக்காத ரகம். ஆகவே வீட்டில் பேச்சு, சிரிப்பு, கோபம் எல்லாமே மருமகள்கள் பொறுப்பு.

3. ஆரம்பத்தில் இரண்டு மருமகள்களுக்கும் ஒரே சமையலறைதான் இருந்தது. பெரியவள் விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்து, எல்லாவற்றையும் சிறு தீயில் வைப்பாள். சின்னவள் எழுந்து வந்ததும் தீயைக் கூட்டுவாள். பெரியவள் குறைப்பாள். இதைத் தவிர இருவருக்கும் வேறு பகை கிடையாது, ஆனால் இதுவே மூன்று வேளையும் நடந்தால் எந்த வீடு தாங்கும்? பணிமனையில் ஒரே கருவிப்பெட்டியை இரண்டு மெக்கானிக்குகளிடம் கொடுத்தால் இதேதான் நடக்கும். ஆளுக்கொரு பெட்டி கொடுத்துப் பாருங்கள், ஒருவரிடம் ஒருவர் மரியாதையாக ஸ்பானர் கடன் கேட்பார்கள். அந்த அனுபவத்தில்தான் பின்பகுதியில் ஒரு மேடை கட்டி, தொட்டியும் குழாயும் நானே பொருத்தினேன். சொந்தச் சுவருக்குள் ஒரு மேடை கட்ட அனுமதி தேவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரியாமல் செய்தாலும் செய்தது செய்ததுதான், அதற்காக வருந்துகிறேன்.

4. அன்று முதல் வீட்டில் ஒரு கிண்ணம் நடமாட ஆரம்பித்தது. விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் கிண்ணம். முன்னால் குழம்பு கொதித்தால் கிண்ணம் பின்னால் போகும். பின்னால் பொரியல் ஆனால் அதே கிண்ணம் நிறைந்து முன்னால் வரும். காலியாகத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. கிண்ணத்தோடு கூடவே ஆளும் வரும், வந்த ஆள் வாசற்படியில் சாய்ந்து நின்று அரைமணி பேசிவிட்டுத்தான் போகும். தீயைக் கூட்டிய சண்டையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

5. இப்படி இருந்த வீட்டுக்குள் தங்கள் அலுவலகத்தை வரவழைத்தவன் நானே. பக்கவாட்டில் இரண்டு வண்டிகள் மழையில் நனைகின்றனவே என்று ஒரு தகரக் கூரைக்கு விண்ணப்பித்தேன். வண்டி நனைந்தால் நனையட்டும் என்று சும்மா இருந்திருக்கலாம்.

6. ஆய்வாளர் வந்தார். நல்ல பிள்ளை, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். பக்கவாட்டு இடைவெளியை அளந்து, கூரைக்கு இடம் போதாது என்று பக்குவமாகச் சொன்னார். அத்தோடு கிளம்பியிருப்பார். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. என்னைப் பார்க்க யார் வந்தாலும் இரண்டு மருமகள்களும் தனித்தனியாகத் தேநீர் கொண்டுவருவார்கள். மாமனாரைத் தேடி வந்தவரை ஒருத்தி கவனித்தாள், மற்றவள் கண்டுகொள்ளவில்லை என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம். என் பழைய சகாக்கள் இதை அறிந்து, தங்கள் வீட்டில் எதையும் குடிக்காமல்தான் வருவார்கள். ஆய்வாளருக்கு அது தெரியாது. முன்னாலிருந்து இஞ்சித் தேநீர் வந்தது, குடித்தார். குவளையைக் கீழே வைக்கும் முன் பின்னாலிருந்து ஏலக்காய்த் தேநீர் வந்தது. மறுக்கத் தெரியாமல் அதையும் குடித்துவிட்டு, “இது எந்த கிச்சன்லேர்ந்துங்க வந்துச்சு?” என்று கேட்டார். சின்னவள் பெருமையாக அழைத்துப்போய்க் காட்டினாள்.

7. இந்த மண்டலத்தில் தனிச் சமையலறை இருந்தால் அது தனி வீடு என்றும், ஒரு மனையில் இரண்டு வீடுகள் இருக்க வேண்டுமானால் தெருமுகப்பு நாற்பது அடி வேண்டும் என்றும், என் முகப்பு முப்பத்தெட்டு அடிதான் என்றும் அறிவிப்பில் கண்டிருந்தது. பார்த்ததைத்தான் ஆய்வாளர் எழுதினார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

8. ஆனால் அந்த இரண்டு அடி எங்கே போயிற்று என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். என் வீடு மூலை வீடு. பத்திரப்படி முகப்பு நாற்பது அடி. பக்கத் தெருவில் மழைநீர் வடிகால் போட்டபோது, மூலையில் வளைவுக்கு இடம் போதவில்லை என்று தங்கள் அலுவலகத்திலிருந்தே வந்து கேட்டார்கள். நான் பக்கச் சுற்றுச்சுவரை இரண்டு அடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டேன். அப்போதிருந்த அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா, தெரு உருப்பட்டுடும்” என்றார். தெரு உருப்பட்டது, இப்போது மழைத்தண்ணீர் ஒரு வீட்டுக்குள்ளும் வருவதில்லை. கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. கொடுத்த அந்த இரண்டு அடியையே குறை என்று எழுதிவிட்டார்களே என்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

9. இந்த விதி எதற்கு என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரு மனையில் ஆள் பெருகினால் தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த இடமிருக்காது. எல்லாம் நியாயம். ஆனால் அடுப்பு இரண்டாக இருந்தபோதும் ஒன்றாக ஆனபோதும் எங்கள் வீட்டில் அதே ஆட்கள்தான் குளிக்கிறார்கள், அதே இரண்டு வண்டிகள்தான் நிற்கின்றன.

10. மாறியது வேறு. பழையபடி ஒரே அடுப்பு, பழையபடி அதே தீ. முன்பாவது சண்டை போட்டார்கள், இப்போது அதுவும் இல்லை. ஒருத்தி சமைத்து முடித்து வெளியே வந்த பின்புதான் மற்றவள் உள்ளே போகிறாள். கிண்ணம் அலமாரியில் கிடக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்ததை யார் யாருக்குக் கொடுத்தனுப்புவது?

11. சின்னவன் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டான். வரும் முதல் தேதி குடிபோகிறார்கள். ஏன் என்று சின்ன மருமகளிடம் கேட்டேன். “அக்கா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல மாமா. நான் அந்த அடுப்புல கை வெச்சா அவங்க முகம் மாறுது. அதைப் பாக்க முடியல” என்றாள். பெரியவளிடம் கேட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே, “அவ போய்ட்டா நான் யாருக்கு மாமா குடுத்தனுப்புவேன்” என்றவள், குழாயை அடைக்காமல் அப்படியே நின்றாள். இதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் பாதி தீர்ந்துவிடும். சொல்ல மாட்டார்கள். எனக்கு வால்வும் கியரும் தெரியும், இந்தப் பழுதை நீக்கத் தெரியவில்லை.

12. ஆகவே, வடிகாலுக்குக் கொடுத்த இரண்டு அடியையும் சேர்த்து என் முகப்பை நாற்பது அடியாகக் கணக்கில் கொள்ள வேண்டுகிறேன். அது இயலாதெனில், ஒரே குடும்பம் ஒரே வாசலில் புழங்கும் வீட்டில் இரண்டாவது அடுப்பைத் தனி வீடாகக் கருதாமல் விலக்களிக்க வேண்டுகிறேன். தகரக் கூரை விண்ணப்பத்தை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மேடையை நானே மறுபடி கட்டிக்கொள்வேன், உடைத்த கல்லை இன்னும் வெளியே கொட்டவில்லை.

13. நேரில் ஆய்வு செய்ய வேண்டுமானால் தயவுசெய்து முதல் தேதிக்கு முன் ஆளை அனுப்பி வையுங்கள். ஒரே அடுப்பானாலும், ஒருத்தி வெளியே வந்த பின் மற்றவள் உள்ளே போயாவது, வருபவருக்கு இரண்டு தேநீர் வரும். அதற்குப் பிறகு வந்தால் ஒன்றுதான் கிடைக்கும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

இப்படிக்கு,
(கையொப்பம்)
மூலை வீட்டு மெக்கானிக்

இடம்: மூலை வீடு
நாள்: இம்மாதம் பதினெட்டு

இணைப்பு: அறிவிப்பின் நகல், மனைப் பத்திர நகல், வடிகாலுக்கு இடம் ஒப்படைத்ததற்கான சான்றின் நகல்.